ஒன்பதாவது குழாய்

தென்னேரி ஏரிக்கரை அம்மன் கோயிலின் பின்புறம், சாயங்கால வெயிலில் ஒன்பது இரும்பு வேட்டுக்குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. காலியானது கவிழ்ந்திருக்கும், மருந்து போட்டது மஞ்சள் பொட்டோடு நிமிர்ந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடித் திருவிழாவில் ஒரு குழாய் பிளந்த பிறகு, வேட்டுப் போடும் அலமு கொண்டுவந்த வழக்கம் இது. எட்டுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. ஒன்பதாவதை நிமிர்த்தி வைத்திருக்கும்போது விழாக்குழு பூவராகவன் ஓடி வருகிறார். “இன்னாமா, கரகம் தெருமுனைக்கு வந்துக்கினு இருக்குது. ரெடியா?” “ஆயிடுச்சுண்ணா” என்று சொல்லித் திரும்பினால், கையில் மருந்து அள்ளும் கொட்டாங்குச்சி காலியாக இருக்கிறது. குழாயில் பொட்டு இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் இரும்பும் கறுப்பு, மருந்தும் கறுப்பு. மருந்தைக் கொட்டிவிட்டாளா, இனிமேல்தான் அள்ள வேண்டுமா? இரண்டு தடவை விழுந்தால் இரும்பே பிளந்துவிடும். பம்பைச் சத்தம் நெருங்குகிறது. மருந்துப் பெட்டிக்குப் போன கை, கருந்தூள் ஒட்டிய விரல்களோடு பாதியில் நிற்கிறது. எதிரே குந்தியிருக்கும் அவள் புருஷன் கண்ணாயிரம் அந்தக் கையைப் பார்க்கிறான். தண்ணீர் வாளியைக் காலால் மெல்ல அவள் பக்கம் தள்ளுகிறான். அலமு அந்தக் குழாயைத் தூக்கி வாளிக்குள் இறக்குகிறாள். குமிழிகள் வருகின்றன. பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கிறது. போட்டுத்தான் இருந்திருக்கிறாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறாள்; கன்னத்தில் கரிக்கோடு விழுகிறது. “ஒம்போதுன்னு பேசினோமேபா, இப்போ எத்தினி?” என்கிறார் பூவராகவன். கண்ணாயிரம் இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டுகிறான். அவனுக்கு இருப்பதே எட்டு விரல்கள்தான்.