அளவு சட்டை

"எட்டு வருசமா, பெத்த தகப்பன் பிள்ளையை எட்டியே பாக்கலையா?" வக்கீலம்மா பேனாவைத் திறந்தார்.

"இல்லம்மா," என்றாள் இன்பராணி. "இவளுக்கு நாலு வயசுல திருப்பூருக்குப் போனவருதான். விவாகரத்துக் கேசுக்குக்கூட வரல."

"அப்ப பிள்ளையைக் கைவிட்டவர்னு மனுவுல எழுதிருவோம். உங்க வீட்டுக்காரர் இவளைத் தத்தெடுக்க அவரோட சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்."

இன்பராணி மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள். ஒரு பக்கம் மகள் ஆன்சி. மறுபக்கம் இம்மானுவேல். அஞ்சு வருசத்துக்கு முன் இன்பராணியைக் கட்டியவன். அருப்புக்கோட்டைத் தறித் துணிகளை லோடு வண்டியில் ஏற்றிப் போகிறவன்.

"போன், லெட்டர் எதுவுமே இல்லையே? மறைக்காமச் சொல்லணும்."

"அதெல்லாம் இல்ல. கிறிஸ்துமசுக்கு மட்டும் அவரு பேரு போட்டு, திருப்பூர்ல இருந்து இவளுக்கு ஒரு டிரெஸ்ஸு பார்சல்ல வரும். அஞ்சு வருசமா."

வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார்.

"அப்ப கைவிட்டவர்னு எப்படிம்மா எழுதுறது? பிள்ளை நினைப்பு அவருக்கு இருக்குன்னுல்ல ஆகுது? தேடிப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"எங்கன்னு போய்த் தேட?" இன்பராணி புருசன் பக்கம் திரும்பினாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கீகளே! ஏதாச்சும் பேசுங்க."

இம்மானுவேல் ஆன்சியை ஒரு பார்வை பார்த்தான். எழுந்துவிட்டான். "என்னத்தப் பேச? விடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஊருல சொன்னது சரிதான். அடுத்தவன் பிள்ளைன்னா கசக்கத்தான செய்யும்!"

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"வக்கீலம்மா, பேனாவைத் திறங்க," என்றாள் ஆன்சி. "அந்த டிரெஸ்ஸு எதையும் அவரு அனுப்பல."

"பின்ன யாரு?"

"என்னையப் பாக்காதவருக்கு என் அளவு எப்படித் தெரியும்? டிசம்பர் பொறந்தா என் யூனிபார்ம் சட்டை ஒண்ணு காணாமப் போகும். இவுக திருப்பூர்ல லோடு எறக்கிட்டு வந்த மறுநாள், கொடியில தொங்கும். அஞ்சு டிரெஸ்ஸையும் பத்திரமா வச்சிருக்கேன். சாட்சிக்குக் கொண்டாரவா?"

இம்மானுவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பெத்தவரு மறந்துட்டாருன்னு நீ ஏங்கிரக் கூடாதேன்னுதான் தாயி... தெரிஞ்சுமா இத்தன நாளு பேசாம இருந்த?"

ஆன்சி சிரித்தாள்.

"நான் பார்சலப் பிரிக்கையில நீங்க ஓரமா நின்னு என் மொகத்தையே பாப்பீகல்லப்பா... அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனசு வரல."