உரிச்ச மரம்

"அடி ஏமூ! நீ இங்கே பிள்ளையை மடியில போட்டு அழுதுட்டு இருக்கே. அங்கே பவ்லே தொப்புள் மரத்துல பட்டையை உரிச்சு வெச்சிருக்கா!"

கத்தினது நான்தான். மூங்கில் குருத்து வெட்டப் போனவ கண்ணுல இதுவா படணும்? கையகலத்துக்கு உரிச்சிருந்தா. ஊர்ல பட்டை உரிச்சு மருந்து காய்ச்சறவ அவ ஒருத்திதான். ஈரம்கூடக் காயலை.

எங்க ஊர்ல பிள்ளை பொறந்தா, தொப்புள்கொடியை மூங்கில் குழாயில அடைச்சு அப்பன்காரன் ஒரு மரத்துல கட்டிட்டு வருவான். அந்த மரத்துக்கு ஒண்ணுன்னா பிள்ளைக்கும் ஒண்ணு. என் மூணாவது பையன் மரத்துல மின்னல் விழுந்த அன்னிக்கே, அவன் எருமை மேலேர்ந்து விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சு. இன்னி வரைக்கும் விசில் வராது. அவன் பொண்டாட்டிக்கு அதுல சந்தோஷம்தான், அது வேற கதை.

"யாரு மரம், பெரியம்மா?" ஏமூ முகம் வெளுத்துப் போச்சு.

"எனக்கென்ன தெரியும்? குழாய் எல்லாம் ஒரே மழைக்காலத்துல மக்கி விழுந்துடுது. உன் புருஷன் எதுல கட்டினான்?"

"நான் அப்போ அடுப்போரம் படுத்துக் கிடந்தேன். தோப்புல கட்டிட்டேன்னார், அவ்ளோதான். அவரும் டவுனுக்கு வேலைக்குப் போயி இருபது நாளாச்சு."

"பிள்ளைக்கு நேத்து கஷாயம் கொடுத்தது யாரு?"

"பவ்லே அத்தைதான். வயித்தால போறது நின்னுச்சு. ஆனா கண்ணையே திறக்க மாட்டேங்கறான்."

"எப்படித் திறப்பான்? அவன் மரத்தை உரிச்சு அவனுக்கே காய்ச்சி ஊத்தியிருக்கா. மருந்துக்குன்னா காட்டுல வேற மரமா இல்லே?"

காடு எங்கே இருக்கு? ஆத்துக்கு இந்தப் பக்கம் பூரா சோளக்கொல்லை ஆயிடுச்சு. ஆனா வாய்க்கு வந்ததைப் பேசறப்போ அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருது!

ஏமூ பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு ஓடினா. பின்னாடியே நானும், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு.

பவ்லே வீட்டுல இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பன்னிக்குத் தவிடு கரைச்சுக்கிட்டே சொன்னா, "மேட்டு மேல போயிருக்கா. காலையிலேர்ந்து இது மூணாவது தடவை. போறா, வர்றா, உட்காரக்கூட மாட்டேங்கறா."

"பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு!"ன்னேன்.

மேடு ஏறயிலே பிள்ளை வீல்னு கத்தி, ஏமூ சட்டையைப் பிடிச்சு இழுத்தான்.

"இருடா, அவளை நாலு வார்த்தை கேட்டுட்டு வந்து பால் தர்றேன்."

மூணு நாளா மாருல வாய் வைக்காத பிள்ளை பால் கேக்கறான்னு எங்க ரெண்டு பேருக்குமே உறைக்கலை. கோபம் அப்படி.

மேட்டு உச்சியில, நெல்லுக் காவல் குடிசைக்கிட்ட பவ்லே நின்னா. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, செல்போனைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சா. ஊர்ல அங்கே மட்டும்தான் சிக்னல். பாங்காக்ல கட்டட வேலை பாக்கற அவ ஒரே பையன் அப்போதான் போனை எடுத்தான் போல.

"டேய்! அப்பாடா, கிடைச்சியா? உடம்பு எப்படிடா இருக்கு? ஜுரம் கிரம் இல்லியே?"

ஏமூ வாயைத் திறந்தா. நான் அவ கையைப் பிடிச்சேன்.

"எங்கேயும் வலிக்கலையே? மறைக்காம சொல்லு... இல்லடா, ஏமூ பிள்ளைக்கு ரத்தமா போச்சு. ஆத்துல வெள்ளம், அக்கரைக்குப் போக முடியலை. அதுக்கு மருந்தாகற மரம் இந்தப் பக்கம் தொப்புள் தோப்புல மட்டும்தான் நிக்குது. அடுத்தவ பிள்ளை மரத்துல எப்படிடா கத்தியை வைப்பேன்? உங்கப்பா உனக்குக் கட்டினதுலதான் உரிச்சேன்... சிரிக்காதேடா! ரெண்டு நாளைக்கு மட்டும் சாரத்து மேல ஏறாம இரு, என்ன?"