சிறந்த பேச்சாளர் கிண்ணம்

"சேர், இனி ஒவ்வொரு ஞாயிறும் உங்கட பேச்சுக்குப் புள்ளி போடப் போறம். கூடப் புள்ளி எடுக்கிறவருக்கு இந்தச் சுழற்கிண்ணம்!"

வாவியோர விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் தக்ஷாயினி இப்படிச் சொன்னதும், ஆயுட்காலத் தலைவர் நல்லரத்தினத்தின் நெஞ்சு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் ஒன்று திணறியது. மேசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய கிண்ணம் பளபளத்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பரிசு என்றாலே நமக்குத் தெரிந்த முகம்தானே என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

"இப்பவாவது கழகத்துக்குப் புத்தி வந்திச்சே, புள்ள. பரிசு இல்லாட்டி மனிசனுக்கு முன்னேற்றம் இல்ல. இதத்தான் நான் ஜப்பானில..."

"ஓம் சேர், தெரியும் சேர்."

உதவிப் பணிப்பாளராக இருந்த காலத்தில் நல்லரத்தினம் ஜப்பானுக்கு இரண்டு கிழமைப் பயிற்சிக்குப் போனவர். ஆள் திரும்பி வந்து வெகுகாலமாகிறது. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் வாவிக்கரைத் திடலில் பெரியவர்கள் கிளித்தட்டு ஆடுவார்கள். மீன் பிடிக்கிறவர், ஆசுபத்திரித் தாதி, தையல்காரர் என்று யாரும் வரலாம். கோட்டுக்குக் கோடு மறித்து நிற்பவர்களையும், நடுக்கோட்டில் ஓடித் திரிந்து தொட வரும் 'கிளி' என்ற ஆளையும் ஏமாற்றிக் கடைசி வரை போய்த் திரும்பியவர் "பழம்!" என்று போடும் கத்தல் பாலத்தில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

ஆனால் ஆட்டத்துக்கு முன் தலைவர் உரை உண்டு. "சுருக்கமாக" என்று அவர் தொடங்கும்போது வெயில் எரிக்கும். "விளையாட்டை ஆரம்பித்து வைக்கிறேன்" என்று முடிக்கும்போது கோடு தெரியாது. திடலை ஓடித் திரிந்து வாங்கித் தந்த மனிதரின் மனத்தை உடைக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. அதனால் வாரா வாரம் இருட்டுக்குள் அரை ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

போன வருடம் அவர் கிளித்தட்டுக்கே ஒரு கிண்ணம் கொடுத்துப் பார்த்தார். கோட்டில் கால் பட்டதா இல்லையா என்று தொலைபேசியில் படம் பிடித்துச் சண்டை. நடுவருக்கு மேன்முறையீடு. கிளி மாதிரியே கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மீன்காரர் சாமித்தம்பிக்கு, கீச்சிட்டதற்காகப் புள்ளி வெட்டு. அவர் வராமல் விட்டார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் திடலில் மாடு மேய்ந்தது. பிறகு யாரோ கிண்ணத்தைத் தூக்கிக் கழக அலுமாரிக்குள் வைத்த பின்தான் கீச்சொலி திரும்பியது.

'இலட்சியம் இல்லாத சனம்' என்று நல்லரத்தினம் அப்போது முடிவுகட்டினார்.

"எனக்குப் போட்டிக்கு ஆர்?" என்று இப்போது கேட்டார்.

"சாமித்தம்பி அண்ணன்."

அவர் சிரித்த சிரிப்பில் வாவிக் கொக்குகள் எழும்பின.

முதல் ஞாயிறு சாமித்தம்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். "எல்லாரும் வந்திட்டீங்க. வீட்ட நண்டுக் கறி ஆறுது. கெதியா விளையாடுவம்!" கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பத்துக்கு ஒன்பது.

நல்லரத்தினத்துக்கு ஐந்து.

"நல்லாத்தான் இரிந்திச்சு சேர்," என்றார் நடுவராக இருந்த தையல்காரர் பதியுதீன். "ஆனா ஜப்பான் கொஞ்சம் கூடிப்போச்சு."

அன்றிரவு நல்லரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் ஜப்பானைப் பாதியாக வெட்டினார். அதற்கடுத்த வாரம் முழுதாக. கண்ணாடிக்கு முன் நின்று கையை எங்கே தூக்குவது என்று பழகினார். முன்பெல்லாம் கிணற்றடியில் குளித்துக்கொண்டு பாடுகிறவரைப் போலப் பேசியவர், இப்போது வாயைத் திறந்ததும் பதியுதீனின் பேனையைத்தான் பார்த்தார். பேனை அசையாவிட்டால் வசனம் நின்றது. அசைந்தால் அடுத்தது மறந்தது.

நாலாம் ஞாயிறு ஒலிவாங்கி வரை போனார். நடுவரைப் பார்த்தார். தொண்டையைத் தடவினார்.

"இண்டைக்குத் தொண்டை சரியில்ல. நீங்க விளையாடுங்க."

வெயில் இன்னும் தென்னைக்கு மேலே நின்றது. கழகம் இப்படியொரு பின்னேரத்தைக் கண்டு எத்தனையோ காலம்.

"தொண்டைக்குத்தானே சேர் வருத்தம்? காலுக்கு இல்லையே?" என்றார் சாமித்தம்பி. "வந்து கிளியா நில்லுங்க!"

"சும்மா இரிங்க சாமித்தம்பி, எனக்கு என்ன வயசு?"

"கிளிக்கு வயசு பாக்கிறல்ல சேர்!"

காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். முதல் ஓட்டத்தில் விழுந்தார். எழும்பி ஓடி சாமித்தம்பியின் முதுகில் 'பளார்' என்று ஒன்று வைத்தார். தன்னையறியாமல் "கீச்... கீச்!" என்று கத்தினார். திடலே குலுங்கிச் சிரித்தது. ஒருவரும் புள்ளி போடவில்லை. ஆயுட்காலத் தலைவர் மூச்சு வாங்க, மண் அப்ப, இருட்டும் வரை ஓடினார்.

பிறகு புல்லில் மல்லாந்து கிடந்தபடி, "அடுத்த ஞாயிறு நேரத்தோட தொடங்குவம், என்ன?" என்றவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அது சரி, அந்தப் பேச்சுக் கிண்ணம்?"

"நீங்களே வெச்சிருங்க சேர். இனி அதுக்கு இஞ்ச வேலயில்ல."

தக்ஷாயினி நீட்டியதை வாங்கியதும் ரிப்பன் நழுவியது. அதன் அடியில் பழைய எழுத்துகள் தெரிந்தன. தொலைபேசி வெளிச்சத்தில் வாசித்தார்: 'கிளித்தட்டுச் சுழற்கிண்ணம். அன்பளிப்பு: நல்லரத்தினம்.'

"இது... போன வருசம் நான் தந்த கிண்ணம்தானே?"

"ஓம் சேர்," என்றார் சாமித்தம்பி, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு. "எங்கட விளையாட்ட மூணு மாசத்தில நிப்பாட்டின கிண்ணம். உங்கட பேச்சுக்கு ஒரு மாசம் போதுமெண்டு தக்ஷாயினி புள்ள அப்பவே சொன்னா!"