இரண்டு பேர் ஏறும் பறவை

‘முட்டையைப் பிடிங்க வைத்தியரே, கை வேகுது’ என்று திரையில் எழுத்து ஓடியது.

அவள் பிடித்தாள்.

இரண்டு கைகளும் லேப்டாப்பில். வலது கால் மட்டும் தையல் மெஷினின் பெடலில். ஊசிக்கு அடியில் ஒரு வெட்டுத்துணி போன தடத்திலேயே தைபட்டுக்கொண்டிருந்தது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும்வரை, அவள் வேலையாக இருக்கிறாள் என்றுதான் ஹாலில் இருக்கும் கணவர் நினைப்பார்.

அவருக்கும் வேலையாம். ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸில் விடமாட்டேன் என்கிறார்களாம். ஹெட்போன் மாட்டிவிட்டால் யாரும் கூப்பிடக்கூடாதாம்.

நல்லதாகப் போயிற்று.

பனிமலை உச்சிவரை நெருப்பு முட்டையைக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஆள் ரொம்ப நேரம் வைத்திருந்தால் ஆள் காலி. கீழே விட்டால் முட்டை காலி. அதனால் இரண்டு பேர், கை மாற்றிக் கை மாற்றி. உச்சியில் முட்டை பொரிந்தால் ஒரு பறவை. இரண்டு பேர் ஏறிப் பறக்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த மலை திறக்கும். இன்று சாயங்காலம் மூடிவிடும். போன வருடம் பாதி வழியிலேயே ஓநாய்கள் இரண்டு பேரையும் பிய்த்துப் போட்டுவிட்டன.

‘குடுங்க, என் முறை’ என்றது கரடி.

கோடரி ஏந்திய கரடி. அவளுடைய கூட்டாளி விளையாட்டில் எடுத்திருந்த உருவம் அது. அவள் பச்சை அங்கி போட்ட வைத்தியர். கரடிக்குக் காயம் பட்டால் ஆற்றுவது அவள் பொறுப்பு.

அந்தக் கரடியை அவள் தற்செயலாகச் சந்திக்கவில்லை. பெயரைத் தெரிந்துகொண்டு, தேடிப் போய், வலியப் பேச்சுக் கொடுத்து ஒட்டிக்கொண்டவள். கரடி கிண்டல் செய்யும். அடிபட்டால் ‘வலிக்குதா’ என்று கேட்கும். ‘வாங்க, போங்க’ என்று பேசும்.

வீட்டில் அவளுக்கு ‘ஏய்’ என்று ஒரே பெயர்தான்.

பறவை கிடைத்ததும் சொல்லிவிட வேண்டும். தான் யார் என்று. மேகத்துக்கு மேலே போய், சுற்றிலும் யாருமில்லாத இடத்தில். அதற்கப்புறம் தன் வாழ்க்கை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. இப்படியே இருக்காது, அது போதும்.

கடைசி வளைவு. பாறைக்குப் பின்னாலிருந்து ஓநாய்கள் கொத்தாக இறங்கின.

‘முட்டை உங்ககிட்ட. ஓடுங்க. நான் பாத்துக்கறேன்.’

‘உங்களுக்கு உயிர் பாதிகூட இல்ல.’

‘போனாப் போகுது. நீங்க ஓடுங்க.’

நிஜத்தில் யாரும் அவளுக்காக ஒரு நாற்காலியிலிருந்துகூட எழுந்ததில்லை.

‘கடக்’ என்றது மெஷின். நூல் சிக்கி, ஊசி துணியோடு பூட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வீடு திடீரென்று அமைதியாயிற்று.

அவள் விரல்கள் உறைந்தன. இப்போது நாற்காலி நகரும். இப்போது கதவு திறக்கும்.

திறக்கவில்லை. ஹாலில் ஒரு அசைவும் இல்லை.

‘வைத்தியரே, தூங்கிட்டீங்களா? கரடிக்கு இருக்கறதே இத்துனூண்டு வால். அதுலயும் கடிச்சுட்டான்.’

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருந்தைக் கரடிமேல் கொட்டினாள். இருந்ததையெல்லாம் கொட்டினாள். முட்டையை அதன் கையில் திணித்துவிட்டு, தன் உடம்பால் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். ஓநாய்கள் அவள்மேல் பாய்ந்தன. கரடி உச்சியைத் தொட்டது.

முட்டை வெடித்தது.

மஞ்சள் பறவை. ஓலைப் பாய்போல அகன்ற இறக்கைகள். ஓநாய்கள் புகையாகக் கரைந்துபோயின.

‘ஏறுங்க’ என்றது கரடி.

ஏறினாள். மலை கீழே போயிற்று. பிறகு மேகமும் கீழே போயிற்று. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. வெறும் பொம்மைதான் என்று தெரிந்தும் கட்டியது.

‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று தட்டினாள்.

‘நானும்தான். நான் முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா தைரியம் போயிடும். உங்ககூட பேசறப்பதான் நான் மனுஷனா இருக்கேன்.’



‘உங்களுக்குக் குடும்பம் இல்லையா?’ என்று கேட்டாள். கேட்கத்தானே வேண்டும்.

 பறவை இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது.

‘மனைவி இருந்தாங்க. தவறிட்டாங்க.’

அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

‘எப்படி?’

‘உடம்பு முடியாம. நல்லவங்கதான். ஆனா பேசவே மாட்டாங்க. வீட்ல ஒரு ஆள் இருக்காங்கன்னே தெரியாது. விடுங்க, அந்தப் பேச்சு எதுக்கு. நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?’

‘ஒண்ணுமில்ல’ என்று தட்டினாள்.

“ஏய், காது கேக்கலியா? எவ்ளோ நேரமா தொண்டை வறளுது. தண்ணி கொண்டா.” ஹெட்போன் மாட்டியிருந்ததால் குரல் வீடு அதிர வந்தது.

அவள் எழுந்தாள். டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஹாலுக்குப் போய்க் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அவர் எதிரே இருந்த திரையில் மஞ்சள் பறவை பறந்துகொண்டிருந்தது. முன்னால் கோடரியோடு கரடி. பின்னால் பச்சை அங்கியில் அவள்.

திரும்பிப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டவர், இன்னொரு கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

‘இருக்கீங்களா?’