தானாக மூடிக்கொள்ளும் பெட்டிகள்

திரையில் ஒரு வெள்ளை மின்னி மறைந்தது.

மதிவதனி அதைப் பொருட்படுத்தவில்லை. கேமராவுக்குக் கீழே இருந்த பச்சை மின்சுற்றுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பெரிதாகத் தெரியும்போது அது வானத்திலிருந்து பார்த்த ஊர் மாதிரி இருக்கும். கோடுகள் சாலைகள். கறுப்புச் சில்லுகள் தொழிற்சாலைகள்.

இன்று அவள் கண்ணுக்கு அந்தச் சாலையில் தேவநாதனின் பைக் வந்துகொண்டிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நின்றது. பிறகு ஒரகடம் பக்கம் திரும்பியது.

அவள் சரியாகத் தூங்கி நாளாகிறது.

நாளை அப்பா வந்து விடுதியைக் காலி செய்து அழைத்துப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

தேவநாதன் அதிகம் பேசுகிறவன் இல்லை. நேற்று கம்பெனி பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னான்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள கேட்டாண்ட வரேன். நீ வெளிய வந்தா அப்படியே போயிடலாம். வரலன்னா இனிமே கேக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். யாராவது பார்க்க வந்தால் காவலாளி ரத்தினம் உள்ளே வந்து கூப்பிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளைத் தேடி இதுவரை யாரும் வந்ததில்லை.

கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். ரத்தினத்தின் தொப்பி தெரியவில்லை.

இன்னொரு வெள்ளை.

அது அவள் செய்த வேலை. முன்பெல்லாம் திரையில் ஓயாமல் பெட்டிகள் முளைக்கும். கையுறை போட்டாயா. இருக்கையில் இருக்கிறாயா. உறுதிமொழி படித்தாயா. ஒவ்வொன்றையும் மூடினால்தான் பலகை தெரியும். அதற்குள் டார்கெட் போய்விடும், சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார்.

பாலிடெக்னிக்கில் படித்ததை வைத்துச் சின்னதாக ஒரு நிரல் எழுதி, அந்தக் கணினியிலேயே ஒளித்து வைத்தாள். எந்தப் பெட்டி முளைத்தாலும் அதன் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அது அழுத்திவிடும். எந்தப் பெட்டியும் கோபித்துக்கொண்டதில்லை. மூடினால் போய்விடும்.

பலகையில் பைக் ஒரு வளைவில் நின்றது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அண்ணாந்து பார்த்தான், நேராக அவளை.

திரை வெளுத்தது.

மறுபடி தெரிந்தபோது சாலை காலியாக இருந்தது.

மதியச் சைரன் ஊதியது. அவள் கோட்டைக் கழற்றினாள். உள்ளே புதுச் சுடிதார். சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல் நேராக கேட்டுக்கு நடந்தாள்.

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் நிற்கவில்லை.

ரத்தினம் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இப்போதெல்லாம் உள்ளே வந்து கூப்பிடுவதில்லையாம். ஆள் வந்திருக்கிறார், வருகிறாயா என்று இங்கிருந்தே கணினியில் தட்டினால், அவள் திரையில் ஒரு பெட்டி வருமாம். அதை மூடிவிட்டால் வரவில்லை என்று பொருளாம். அந்தப் பையன் கேட்டுக்கொண்டதற்காக மூன்று தடவை அனுப்பினாராம்.

"நான் கைய எடுக்கறதுக்குள்ள வரலன்னு வந்துடுச்சும்மா. யோசிக்கக்கூட இல்லியான்னு கேட்டுக்கினே போச்சு அந்தப் புள்ள."

அவள் செல்போன் அலமாரியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். ஷிப்ட் முடியாமல் தரக்கூடாது. ஆனாலும் அவர் அலமாரியைத் திறந்து அவளுடைய செல்போனை எடுத்துக் கொடுத்தார்.

தேவநாதனை அழைத்தாள்.

முதல் ரிங் முழுதாகப் போவதற்குள் அழைப்பு மூடிக்கொண்டது.