டின் மீன் விருந்து

“இன்னிக்கும் டின் மீனா?”

சில்வானா தட்டைத் தள்ளி வைத்தாள். சுற்றுலா கம்பெனிக்காக இந்த எல்லைத் தீவைப் பார்த்துப் போக மனாடோ நகரத்திலிருந்து வந்தவள். அவள் சரி என்று சொன்னால்தான் பயணிகள் படகு வரும். அதை நம்பித்தான் ஊரே கூடி, யுல்ச்சே வீட்டில் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருந்தது.

யுல்ச்சேயின் முகம் வாடிப்போனது. “மிளகாய் தூக்கலாப் போச்சா மேடம்?”

“அதெல்லாம் இல்லை. வேற எதுவும் கிடையாதா?”

“நாளைக்கு எப்படியாவது டின் இறைச்சி போட்டுடறேன் மேடம்!”

சுற்றிலும் கடல். இவளுக்கு டின்னை விட்டால் கதியில்லையாம்! அதிலும் ஒவ்வொரு வேளையும், “தகப்பனே, வந்தவங்களுக்கு இப்படியொரு விருந்து வைக்கக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்” என்று ஜெபம் வேறு. சில்வானா சிரிப்பை அடக்கிக்கொண்டு கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள்.

அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் வாழை இலை. அதில் தணலில் சுட்ட சிங்கி இறால், கை நீளத்துக்கு. யுல்ச்சேயின் புருஷன் ஹெர்சனும் இரண்டு பெண் குழந்தைகளும் உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“ஓஹோ! உங்களுக்கு சிங்கி இறால், எனக்கு டின்னா? நல்ல உபசாரம்! இங்கே படகு வந்த மாதிரிதான்!”

பின்னாலேயே ஓடிவந்த யுல்ச்சே பதறிப்போய் இலையைத் துணியால் மூடினாள்.

“கதவைச் சாத்துன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?” என்று முணுமுணுத்தான் ஹெர்சன்.

“மேடம், அங்கே போய் இதைச் சொல்லிடாதீங்க.” என்றாள் யுல்ச்சே. “சரக்குக் கப்பல் ரிப்பேராகி மாசக்கணக்காச்சு. கடையில ஒண்ணுமில்லை. அதான் புள்ளைங்க கடல்ல கிடைச்சதைத் தின்னுட்டுக் கிடக்குதுங்க. எப்பவும் இப்படி இருக்க மாட்டோம் மேடம்.”

சில்வானாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது பின்வாசல் வழியாக பாஸ்டர் மனைவி டெல்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு டின். கதவோர இருட்டில் நின்ற சில்வானாவை அவள் கவனிக்கவில்லை.

“யுல்ச்சே, டின் இறைச்சி கிடைச்சிருச்சுடி! ஊர்ல வீட்டுக்கு ஒண்ணாக் கேட்டு வாங்கினதெல்லாம் தீர்ந்துபோச்சேன்னு பயந்தேன். ஊர்லயே கடைசி டின் இதுதான். கிறிஸ்துமஸுக்குப் புள்ளைங்களுக்குன்னு மேரிச்சே ஒளிச்சு வெச்சிருந்தா. கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டா. நம்மளையும் ஒரு ஊர்னு மதிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்காங்களே அந்தப் பொண்ணு, அவங்களுக்குப் போய் கடல்ல பிடிச்ச வெறும் மீனையும் இறாலையுமா போடறது?”