குவைத்தில் ஞாயிற்றுக்கிழமை

"தொரைக்கு இன்னிக்கும் ஊர் சுத்துற வேலதான்" என்று ஆலிஸ் போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

குவைத்திலிருந்து தம்பி பெனடிக்ட் படங்கள் அனுப்பியிருந்தான். மாதா கோயில் வாசலில் அவன், மனைவி கீர்த்தி, எட்டு வயது மகள். அடுத்து கடற்கரைச் சாலை. அதற்கடுத்ததில் மூன்று பேரும் ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்புட வுடு ஆலிஸு" என்றார் அலெக்ஸாண்டர்.

ஆலிஸுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பதினாறு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதரை உன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கொள்ளடா என்று ஆறு மாதமாகக் கெஞ்சியிருக்கிறாள். முதலில் சரி சரி என்றவன் இப்போது ரெண்டு மாதமாக ஒரே பாட்டு. "வேணாங்க்கா. இங்க வெயில் ஜாஸ்தி, மாமாவுக்கு ஒத்துக்காது."

"வெயிலாம். இங்க நீ இன்னா ஏசிலயா வண்டி ஓட்ற? நாம மேல வந்துட்டா அவன் பவுசு கொறஞ்சிடும், அதான் விசயம்."

அவனைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டியும் ஆயிற்று. பிறகு அவளே ராயபுரத்தில் ஒரு ஏஜென்டைப் பிடித்தாள். விசா வந்தது, அதுவும் தம்பி வேலை பார்க்கும் அதே கம்பெனிக்கு. வெள்ளிக்கிழமை அலெக்ஸாண்டர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். புதன்கிழமை விமானம். பெனடிக்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் போய் இறங்கிய பிறகு தெரிந்து அவன் மூஞ்சி தொங்கினால் போதும் அவளுக்கு.

எதிர்வீட்டுத் தேவப்பிரியம் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். குவைத்தில் பதினாலு வருஷம் வீட்டு வேலை செய்தவள். அங்கிருக்கும் பழைய சிநேகிதிக்கு அலெக்ஸாண்டர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஆலிஸ் விடுவாளா? போனைக் காட்டினாள். "பாருக்கா, ஞாயித்துக்கிழமையானா கோயிலு, பீச்சு. கூடப் பொறந்தவ நெனப்பு கீதா பாரு."

"இது எப்ப எடுத்தது?"

"இன்னிக்குக் காலைலதான். வாரா வாரம் அனுப்புறான்."

"வாரா வாரம் ஞாயித்துக்கிழமைலயா?"

"ஆமா. இன்னாக்கா?"

தேவப்பிரியம் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அங்க லீவு வெள்ளியும் சனியும்மா. கோயிலுக்குக்கூட நாங்க வெள்ளிக்கிழமைதான் போவோம். ஞாயித்துக்கிழமை ஆபீஸு, ஸ்கூலு எல்லாம் கீது. பகல்ல புள்ளையோட இப்டி உக்காந்துகினு கீறான்னா..."

ஆலிஸ் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தாள். எட்டு ஞாயிறு. எட்டிலும் பட்டப்பகல். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பெனி, வேல கீதாடா?"

"யாருக்கா சொன்னது? கம்பெனிய மூடி ரெண்டு மாசமாவுது. பாப்பாவ ஸ்கூல்லேந்து நிறுத்திட்டேன். ரூம்லயே கெடந்தா பைத்தியம் புடிக்குது. அதான் கோயிலு, ரோடுன்னு நடந்துகினு கீறோம்."

தட்டில் இருந்த அலெக்ஸாண்டரின் கை அப்படியே நின்றது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் ஆலிஸ்.

"சொன்னா நீ அழுவ" என்றான் பெனடிக்ட். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தேறுதல் சொல்வது போலத் தொடர்ந்தான்.

"விடுக்கா. நீ எவ்ளோ திட்டுனாலும் மாமாவ நான் இங்க வர வுடல பாரு, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி. அவராச்சும் யார்டுல கீறாரேன்னுதான் நான் தூங்குறேன்."